குட்டி யானையில் ஏறிய கார்

அக்கா,

ஆயுத பூஜை வருகிறது. கம்பெனி முழுக்க எனாமல் பெயின்ட் வாசனை. காலையில் கேட்டுக்குள் நுழைந்ததுமே மூக்கில் ஏறிவிட்டது. மெஷினுக்குப் பச்சை, தள்ளுவண்டிக்கு மஞ்சள், தூணுக்குக் கறுப்புப் பட்டை என்று ஆளாளுக்கு பிரஷ்ஷும் டப்பாவுமாக அலைகிறார்கள். சும்மா நின்றால் என் மேலேயும் ஒரு கோட்டிங் அடித்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு இந்த வாசனை வந்தால் போனஸ் ஞாபகம் வரும், பொரிகடலை ஞாபகம் வரும். உன் வண்டி ஷெட்டுக்குள் மாட்டிக்கொண்டு நின்றதும், நீ வெளியே மாட்டிக்கொண்டு தவித்ததும்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

பேக்கிங் செக்‌ஷனுக்குப் புதிதாக வந்திருக்கிற பெண்களுக்கு உன்னைத் தெரியாது. உன் கதையைச் சொன்னால், "அது இன்னாக்கா, ஆட்டோவா?" என்று கேட்கிறார்கள். கார் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். நாலு சக்கரம், ரெண்டு கதவு, ரெண்டு சீட்டு, பேட்டரியில் ஓடும் என்று கையை விரித்து அளவு காட்டுகிறேன். அந்த அளவைப் பார்த்ததும் இன்னும் சிரிக்கிறார்கள். உட்கார்ந்தால் முட்டி முன்னால் இடிக்கும். மழைக்குக் கண்ணாடியை ஏற்றினால் நம் இரண்டு பேர் மூச்சிலேயே உள்ளே ஆவி கட்டிவிடும். பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் கையில்தான். போலியோவில் சூம்பிய உன் கால்களுக்குத் தோதாக அதைச் செய்து கொடுத்தது ஒரு சின்னக் கம்பெனி. நாலு பேருக்கு வண்டி விற்றுவிட்டுக் கடையைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள்.

வண்டி வருவதற்கு முன்னால் கவரைப்பேட்டையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். முதல் படியே உன் இடுப்பு உயரம். யாராவது ரெண்டு பேர் கீழே குதித்து, ஆளுக்கொரு அக்குளில் கை கொடுத்து, உன்னை அலாக்காகத் தூக்கி உள்ளே வைப்பார்கள். எல்லாரும் நல்லவர்கள்தான். சீட்டில் வைத்துவிட்டு, "ஓகேவாக்கா?" என்று கேட்பார்கள். நீ சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாய். ஒருநாள் என்னிடம் மெதுவாகச் சொன்னாய். "மூட்டய கூட எங்க எறக்கணும்னு கேப்பாங்க ஸ்டெல்லா. என்னிய யாரும் கேக்குறதில்ல."

அதனால்தான் அந்த வண்டிமேல் உனக்கு அத்தனை உயிர். கதவைத் திறப்பாய், ஊன்றுகோலை உள்ளே போடுவாய், ஒரு கையை சீட்டில் ஊன்றி ஒரே எம்பு. உனக்கு உதவி செய்வதாக நினைத்து நான் கதவைப் பிடித்தால்கூட முறைப்பாய்.

முதல் இன்சூரன்ஸ் வண்டியோடு சேர்ந்தே வந்தது. அது முடியப்போகிற நேரத்தில்தான் பிடித்தது சனி. எந்த ஏஜென்டிடம் கேட்டாலும் ஒரே பாட்டு.

"லிஸ்ட்ல இந்த வண்டி பேரே வரலைங்கம்மா."

"வண்டி இதோ வாசல்ல நிக்குது சார், எட்டிப் பாருங்க" என்றேன் நான்.

"நான் பாத்து இன்னாம்மா பண்றது? கம்பியூட்டரு ஒத்துக்கணுமே."

ஒருத்தன் ஆட்டோ என்று போட்டுத் தருகிறேன் என்றான். இன்னொருத்தன் ஸ்கூட்டர் என்று போட்டுவிடலாம், யார் பார்க்கப்போகிறார்கள் என்றான். நீ பிடித்தாயே ஒரு பிடி! "பொய்ய எழுதிட்டு நாளைக்கு எவனாவது வந்து இடிச்சா, கோர்ட்டுல ஸ்கூட்டருக்கு ஏதுடா ரெண்டு கதவுன்னு கேப்பான். நீ வருவியா பதில் சொல்ல?" அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

இப்படி அலைந்துகொண்டிருக்கும்போதே தேதி முடிந்துவிட்டது. அன்றைக்கு வண்டி கம்பெனிக்குள் நின்றது. சாயங்காலம் கேட்டில் செக்யூரிட்டி கண்ணாடியில் இன்சூரன்ஸ் தேதி போட்ட ஸ்டிக்கரைப் பார்த்துக் கையைக் குறுக்கே நீட்டினார். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி வெளியே போகக் கூடாது, ரோட்டில் ஏதாவது ஆனால் கம்பெனி பேரும் சேர்ந்து கெடும் என்று சேஃப்டி ஆபீசரும் வந்து சொன்னார். காலையில் சிரித்துக்கொண்டே சல்யூட் அடித்த அதே கேட். வண்டியை ஷெட்டில் ஓரங்கட்டிவிட்டு நீ இறங்கினாய். வீட்டுக்குப் போக ஷேர் ஆட்டோ வந்தது. அதில் ஏற்ற மறுபடியும் நாலு கைகள் வந்தன.

கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாய். பிறகு நின்றுவிட்டாய். "வண்டி வெளிய வந்தாதான் நான் உள்ள வருவேன்" என்று போனில் சொன்னாய். சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, மாசக் கடைசி வரைதான் பார்ப்பேன், அப்புறம் உன் செக்கிங் டேபிளுக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றார். உன் வீட்டுக்கு நாஷ்டா எடுத்துக்கொண்டு வந்து அதைச் சொன்னேன். நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாய். நாஷ்டாவைத் தொடவில்லை. எனக்கு பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆயுத பூஜை வந்தது. ஷெட்டில் அனாதையாக நின்ற உன் வண்டியைப் பார்த்துப் பெயின்ட் செக்‌ஷன் அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. மெஷினுக்கு அடித்து மிஞ்சின பச்சையை எடுத்து, உள்ளேயும் வெளியேயும், சீட்டைத் தூக்கி அதன் அடியிலும்கூட, ரெண்டு கோட்டிங் சீராக இழுத்துவிட்டார். சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, முன்னால் சாமந்தி மாலை. போட்டோ அனுப்பினேன். போனில் நீ அழுதாய்.

ரெண்டு நாளில், நாம் மனு எழுதிப் போட்டிருந்த இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து போன். ஒருவழியாக இறங்கி வந்திருந்தார்கள். வண்டிச் சட்டத்தில் வெட்டியிருக்கிற சேசிஸ் நம்பர் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நம்பர் பதியும் இல்லையா, அந்த பிரின்ட்டை எடுத்து அனுப்பினால் போதும் என்றார்கள். நான் பறந்தடித்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். சீட்டைத் தூக்கி, பேப்பரை வைத்துத் தேய்த்தேன். பேப்பர்தான் கறுத்தது. ஒரு எழுத்து விழவில்லை. நம்பர் வெட்டிய பள்ளமெல்லாம் பச்சைப் பெயின்ட் ரொம்பி மொழுமொழுவென்று கிடந்தது.

"எமரி பேப்பர் போட்டுத் தேச்சுக் குடுத்துடறேம்மா" என்று அந்த அண்ணன் பதறிக்கொண்டு வந்தார்.

"ஐயோ அண்ணே, நம்பர் மேல கீறல் உழுந்தா திருட்டு வண்டின்னுருவாங்க!" என்று கத்தினேன். பாவம், பிள்ளை மாதிரி விழித்தார். அவரைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

பிரின்ட் விழவில்லை என்றால் வண்டியைத் திருவள்ளூர் ஆபீசுக்கே கொண்டுவர வேண்டும், நம்பர் மேல் இருக்கிற பெயின்ட்டை மேனேஜர் கண் முன்னால்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். இன்சூரன்ஸ் வேண்டுமென்றால் வண்டியைக் காட்டு. வண்டியைக் காட்டப் போக வேண்டுமென்றால் இன்சூரன்ஸ் எடு. எனக்குத் தலை சுற்றியது. நீதான் சிரித்தாய், ரொம்ப நாளைக்கு அப்புறம். "நம்ம காரு ஓடினாத்தானே கேஸு? குட்டி யானை மேல ஏத்திகினு போனா எவன் கேப்பான்?"

அந்தச் சின்ன லோடு வண்டி தண்ணி கேன் போடுகிறவருடையது. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பியில் கூண்டு அடித்திருந்தது, பின்பக்கம் மட்டும் திறப்பு. கம்பெனியில் லோடு ஏற்றும் மேடையோடு ஒட்டி நிறுத்தி, இடையில் இரும்புத் தகடு போட்டு, நீயே மாலையும் குங்குமமுமாகக் காரை ஓட்டிப் போய் உள்ளே நிறுத்தினாய். அளவெடுத்துத் தைத்தது மாதிரி உட்கார்ந்தது. நான் பக்கத்து சீட்டில். கயிறு கட்டிவிட்டு டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"யக்கா, கூண்டு இடிக்குது, கதவு தொறக்காது. நடுவுல அவசரம்னா இன்னா பண்ணுவீங்க?"

"அவசரமே வராது. நீ எடு நைனா."

வெயில் தகரத்தில் இறங்கியது. கண்ணாடி பாதிதான் இறங்கும். கூண்டுக் கம்பி, அதற்குள் கார், அதற்குள் நாம். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. எனக்கு மூச்சு முட்டியது. பெரியபாளையம் பக்கம் ஒரு அம்மா ரோட்டோரம் நின்று, மாலையையும் குங்குமத்தையும் பார்த்துவிட்டு, அம்மன் ஊர்வலம் என்று நினைத்துப் பட்பட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஸ்டெல்லா, கைய தூக்கி ஆசீர்வாதம் பண்ணுடி, பாவம்" என்றாய். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நான் கையைத் தூக்கினேன். இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு நீ மெதுவாகச் சொன்னாய். "இது நடக்கலன்னா நான் ஊட்டோட சரிடி. மறுபடி அந்தக் கைங்கள தாங்க என்னால முடியாது."

திருவள்ளூரில் மேனேஜர் இறங்கி வந்து சுற்றிப் பார்த்தார். "சேசிஸ் நம்பர் எங்கம்மா?"

"நான் உக்காந்துகினு இருக்கேனே, இந்த சீட்டுக்கு அடியில சார்."

"அப்ப எறங்குங்க."

கதவு திறக்காது. இறங்கக் கம்பெனி மேடை மாதிரி மேடையும் இல்லை. டிரைவர் கேட்டும், புறப்படும் அவசரத்தில் நாம் இரண்டு பேருமே அதை யோசிக்கவில்லை. அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. வாட்ச்மேன், டீக்கடைக்காரர், யார் யாரோ. கூண்டுக் கம்பி மேல் ஏறி, "சின்ன ஒடம்புதான், ஜன்னல் வழியா தூக்கிடலாம்" என்று ஒருத்தர் கையை உள்ளே விட்டார். நீ ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாய்.

"கை வெக்காத!"

உள்ளே வந்த கை வெடுக்கென்று வெளியே போனது. மேனேஜர் சங்கடத்தோடு, "ஏம்மா, உங்க நல்லதுக்குத்தானே" என்றார்.

"எல்லாரும் நல்லதுக்குத்தான் சார் தூக்குறாங்க. நான் தூக்கச் சொன்னேனா?" குரல் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டாய். "இந்த ஒசரத்துக்கு மேடை எங்கனா இருக்குதா? சொல்லுங்க, நானே எறங்குறேன்."

பின் தெருவில் உரக் குடோன் இருக்கிறது என்றார் டீக்கடைக்காரர். மேனேஜர் சாப்பாட்டு நேரம் என்று இழுத்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ ஆவேசம். "சார், இத்தினி நாளா ரெண்டு பேரும் பேஜாராயி அலையறோம், இன்னிக்கு ஒருநாள் சோறு லேட்டானா செத்தா பூடுவீங்க?" என்று ஜன்னல் வழியாகவே கேட்டுவிட்டேன். என் குரல்தான் அது என்று இன்றுவரை நம்ப முடியவில்லை. அவர் என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தார். போய் ஸ்கூட்டரை எடுத்து நம் பின்னாலேயே வந்தார்.

குடோன் மேடையில் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்தியதும் நீ ரிவர்ஸ் எடுத்தாய். இஞ்ச் இஞ்சாக வண்டி கூண்டைவிட்டு வெளியே வந்தது. கதவைத் திறந்தாய், கோலை ஊன்றினாய், எம்பி இறங்கி நின்றாய். சேலை முழுக்க வியர்வை. யாரும் கிட்டே வரவில்லை. பெயின்ட்டைக் கரைக்கப் பெயின்ட் அண்ணன் கொடுத்தனுப்பிய தின்னரைத் துணியில் நனைத்து நான் சீட்டுக்கு அடியில் துடைத்தேன். பச்சை கரைந்து, ஒவ்வொரு எழுத்தாக வெளியே வந்தது. மேனேஜர் உர மூட்டைப் புழுதியில் முட்டி போட்டு, பேப்பரை வைத்து, தன் கையாலேயே பென்சிலைத் தேய்த்தார். பாலிசி வந்தது. கேட் திறந்தது. செக்கிங் டேபிளில் உன் இடம் உனக்கே இருந்தது.

அதற்கப்புறம் சில வருஷம் நன்றாகத்தான் ஓட்டினாய். பிறகு நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் படுத்தாய். அங்கே பெட்டிலிருந்து ஸ்ட்ரெச்சர், ஸ்ட்ரெச்சரிலிருந்து பெட். கேட்காமல்தான் புரட்டினார்கள். நீ பேச முடியாமல் என்னைப் பார்ப்பாய். நான் குனிந்து, "அக்கா, தூக்கலாமா?" என்பேன். நீ கண்ணை மூடித் திறந்த பிறகுதான் அவர்களைத் தொட விடுவேன். நர்ஸ் முதலில் சிரித்தாள். பிறகு அவளே கேட்க ஆரம்பித்தாள்.

உன் வண்டி இப்போது உன் தம்பி வீட்டுப் பின்னால் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. உனக்காகவே பதிவு செய்த வண்டி, வேறு யாரும் ஓட்டக் கூடாதாம். விற்கவும் வழியில்லை, உடைக்க அவனுக்கு மனசும் இல்லை. நான் போனால் தார்ப்பாயை ஒதுக்கி என் பக்கத்து சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

உன்னை எடுத்துப் போகிற அன்று நாலு பேர் குனிந்தார்கள். "கொஞ்சம் இருங்க" என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை, ஆனால் அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. நின்றார்கள். உன் காதருகே போய்க் கேட்டேன். "அக்கா, தூக்கலாமா?" உன் தம்பி வாய்விட்டு அழுதான். என்னை யாரும் அவசரப்படுத்தவில்லை. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் யாரோ என் தோளைத் தொட்டு ஒதுக்கினார்கள்.

இப்போதும் ஸ்டேஷனிலோ பஸ்ஸிலோ யாராவது ஏறத் தடுமாறினால் கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுகிறேன். சரி என்பார்கள், வேண்டாம் என்பார்கள், ஏதோ ஒரு பதில் வந்துவிடும். உன்னிடம் கேட்டதற்குத்தான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன், அக்கா.

ஸ்டெல்லா