மாடி அறைக்கும் வரி

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சின்னவளும் சுகம். நீ போனில் சுகம் என்று சொன்னாலும் நடுநடுவே இருமினாய், அதனால் உன் சுகத்தை நான் பாதிதான் நம்புகிறேன், டாக்டரைப் பார்த்துவிட்டுப் பதில் எழுது. என் கட்டைவிரலில் தையல் மெஷின் ஊசி ஏறிக் கட்டுப் போட்டிருக்கிறது, பயப்படாதே, நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள். என் பேச்சையெல்லாம் ஒழுங்கான வாக்கியமாக்குகிறாளாம், நடுவில் திட்டினால் அதையும் எழுதிவிடுவேன் என்று மிரட்டுகிறாள்.

விஷயம் அவளுடைய நூலகத்தில் தொடங்கியது. பஸ் டிப்போவுக்குப் பின்னால், நீ பரீட்சைக்குப் படித்த அதே கிளை நூலகம். அதை மூடப் போவதாக நகராட்சியின் பட்ஜெட் வரைவில் இருந்தது. அறிவிப்புப் பலகையில் தொங்கிய நாற்பது பக்கத்தையும் நின்றபடியே படித்துவிட்டு வந்தாள், சொத்து வரியைக் கொஞ்சம் உயர்த்தினால் மூட வேண்டியதில்லை, ஓட்டுப் போய்விடும் என்று பயப்படுகிறார்கள் என்றாள். நம் வீட்டுக்கு எவ்வளவு கூடும் என்று கேட்டேன். வருடத்துக்கு இரண்டு பள்ளிச் சீருடை தைக்கிற கூலி. அதற்காகவா ஒரு தெருப் பிள்ளைகளின் படிப்பு மேஜையைத் தூக்குவார்கள்? நகராட்சிக் கூட்டத்தில் பேசப் போகிறேன் என்றதும் உன் அப்பா, "ஊரே வரியைக் குறைங்கன்னு கத்துது, நீ போய் ஏத்துங்கன்னு கேளு, நல்லா வாங்கிக் கட்டிக்குவ" என்றார்.

பெயர் கொடுக்கப் போனால் அங்கே ஆட்சேபணைப் படிவம் ஒன்றுதான் இருக்கிறது. கவுண்டரில் இருந்த பெண், "ஏத்துங்கன்னு சொல்றதுக்கெல்லாம் ஃபாரம் கிடையாதும்மா, இதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்ல" என்றாள். நான் அதையே வாங்கி, வரியை உயர்த்தாததை ஆட்சேபிக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு முத்திரை குத்தினாள். செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். என் பங்கை நான் கட்டுகிறேன், நீங்களும் கட்டுங்கள், நூலகம் இருக்கட்டும் என்று நடுக்கமில்லாமல் சொன்னேன். பின்வரிசையிலிருந்து நம் தெரு சிமெண்டுக் கடைக்காரர் எழுந்தார், "அக்கா, மொதல்ல உங்க மாடி ரூமுக்குக் கட்டுங்க, அப்புறம் ஊருக்குச் சொல்லலாம்" என்றார். அரங்கமே சிரித்தது. அந்த அறைக்கு சிமெண்டு கொடுத்தவரே அவர்தானே! நீ படிக்க என்று கட்டினோம், கணக்கில் காட்டுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றோம், எட்டு வருடமாகிவிட்டது, நீயும் வேலைக்குப் போய்விட்டாய், அதில் என் துணி மூட்டைகள்தான் குடியிருந்தன. எனக்கு முகம் எரிந்தது, ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை.

மறுநாள் காலையிலேயே நானும் சின்னவளும் மூட்டைகளை இறக்கிவிட்டு, என் தையல் டேப்பாலேயே அறையை அளந்து, அறிவிப்புப் படிவம் நிரப்பிக் கொடுத்தோம். வியாழக்கிழமை சரிபார்க்க வந்த அலுவலர் இரும்பு டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அளவு ஒவ்வொரு பக்கமும் இரண்டு அங்குலம் கூட இருக்கிறதே என்று விழித்தார். கைப்பழக்கம், தையலுக்கு விட்டிருக்கிறேன்! "வீட்டுக்கெல்லாம் தையலுக்கு விடக் கூடாதும்மா" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே திருத்தினார். எட்டு வருடப் பாக்கியும் அபராதமும் உண்டு. தவணை வாங்கியிருக்கிறேன். நீ பணம் அனுப்பினால் திருப்பி அனுப்புவேன், இது நான் செய்த தப்பு, என் மெஷின் அடைக்கும்.

வெள்ளிக்கிழமை வாக்கெடுப்புக்கு முதல் தவணை கட்டிய ரசீதோடு போனேன். சிமெண்டுக் கடைக்காரரிடம் நீட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் படித்தார், நகர்ந்து எனக்கு இடம் விட்டார். பதினேழு உறுப்பினர்களில் ஒன்பது கை உயர்ந்தது. உன் தங்கை எண்ணுவதற்குள் என் கையை நசுக்கிவிட்டாள், கட்டுப் போட்ட கையை. நூலகம் இந்த வருடம் தப்பியது, அடுத்த பட்ஜெட்டில் மறுபடி பார்ப்பார்களாம். பார்க்கட்டும், நானும் மறுபடி ஆட்சேபணைப் படிவம் வாங்குவேன்.

மூட்டைகளைத் திரும்ப மாடிக்கு ஏற்றவில்லை. உன் கட்டிலைத் துடைத்துப் போட்டிருக்கிறேன். நூலகத்துக்கு விடுமுறையான நாட்களில் மட்டும் சின்னவள் மாடியில் படிக்கிறாள், நீ வந்தால் காலி செய்வதாக எழுதிக்கொடுக்கவும் தயாராம். எட்டு வருடமாக ஊர்க் கணக்கில் இல்லாத அறை இப்போது இருக்கிறது. வரி கட்டுகிற அறை சும்மா கிடக்கக் கூடாது, லீவு கேட்டு வந்து படு.

நீ நோய் நொடியில்லாமல் நிமிர்ந்து நட, என் ஆசி எப்போதும் உன் பக்கம். இருமலை மறக்காதே.

ஒன்பது விரலோடு,
உன் அம்மா
(எழுதியது: பத்து விரலோடு உன் தங்கை)