ஒரு சாண் தாழ்த்திக் கட்டிய கம்பு

மகளின் மழைக்கோட்டில் தோள்பட்டை கிழிந்திருந்தது. இன்று மத்தியானம் அதை மெஷினில் வைத்து ஓட்டினேன். இந்த மாதிரித் துணியில் ஊசி சூடேறினால் ஒரு வாசனை வரும், கருகலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வாசனை. நாலு தையல் போவதற்குள் காலை எடுத்துவிட்டேன். உன் பாய்மரத்துக்குப் பாய் தைத்த நாட்களில் எங்கள் தி.நகர் வீட்டு மாடி முழுக்க இதேதான் அடித்தது. உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து ஒரு வாரமாகிறது. நீ இருந்தபோது சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். எனக்கு உன்மேல் பொறாமை. பழகிய முதல் வருஷத்திலிருந்தே.

மயிலாப்பூரில் ஒரே பள்ளிக்கூடத்தில் நீ விளையாட்டு டீச்சர், நான் தையல் டீச்சர். எழுபதுகளின் கடைசி அது. பிள்ளைகள் உன் பின்னால் ஓடும், என் வகுப்பில் கொட்டாவி விடும். நீ சாந்தோமில் பிறந்து, கடலை வீட்டு முற்றம்போலப் புழங்கியவள். நான் தெற்கேயிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்தவர்களின் பெண். லீவுக்கு ஊர் போனால் தாமிரபரணியில் அக்கரைக்கு நீந்துவேன் என்று ஒரு நாள் உன்னிடம் பெருமை அடித்தேன். உன்னிடம் சொல்ல என்னிடம் இருந்த ஒரே பெருமை அது.

அடையாறில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஊரைப் பார்க்கத் திரும்பியது. அவர்கள் மகளுக்கு நீ நீச்சல் சொல்லிக்கொடுத்திருந்தாய். பலகையின் மேல் பாயைக் கட்டி, நின்றபடியே கடலில் போகிற விளையாட்டு அவர்களுடையது. நாம் அதற்கு முன் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. இரண்டு பலகைகளில் ஒன்றை நீயே எடுத்துக்கொள் என்றார்கள். பார்க்க என்னையும் கூட்டிப் போனாய். ஒன்று ஒல்லி, நீளம், சிவப்புப் பட்டை போட்டது. முகத்துவாரத்தில் அந்த மனிதர் ஓட்டிக் காட்டியபோது சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. மற்றது குட்டை, அகலம், தடியன். நான் சிவப்பைக் காட்டினேன். நீ தடியன்மேல் உட்கார்ந்தாய், குப்புறப் படுத்தாய், தரையில் வைத்து அதன் மூக்கு எவ்வளவு தூக்கி இருக்கிறது என்று விரலால் அளந்தாய்.

"இது ஆத்துத் தண்ணிடி, கண்ணாடி மாதிரி கீது. பாலவாக்கத்துல மத்தியானக் காத்து ஏறினா தண்ணி குதிக்கும். ஒல்லி மூக்கு நேரா அலையில குத்திக்கும். அகலம்னா கால் நிக்கும். காத்து கம்மின்னாலும் போவும், ஜாஸ்தின்னாலும் தாங்கும்."

எதையும் பார்த்த உடனே எது வேண்டும் என்று தெரிகிற உன் புத்தியைக் கண்டு எனக்கு வயிறு எரிந்தது.

பலகையைப் பாலவாக்கம் குப்பத்தில் ஒரு குடிசையோரம் வைத்தோம். "இன்னா டீச்சர், கட்டுமரத்துக்குப் பொடவ கட்டிக்கினு போறியா?" என்று கேலி செய்த மீனவர்கள்தான் முடிச்சுகளைச் சரிபார்த்தும் தந்தார்கள். கூட வந்த பாய் அந்தக் காற்றுக்குப் பெரிது. வெட்டிச் சிறிதாக்கியது நான். "வயிறு வெக்காதடி. குலுங்குற தண்ணியில காத்து வெடுக்குனு இழுக்கும், தட்டையா வெட்டு" என்றாய். பாய்மரம் சொருக இரண்டு குழிகள் இருந்தன. முன்குழியில் வைத்து மூன்று தடவை மூக்குக் குத்தி விழுந்தபின் பின்குழிக்கு மாற்றினாய். அடியில் தொங்கும் நடுப்பலகையைப் பாதி மேலே இழுத்து வைத்தாய். கையால் பிடிக்கிற குறுக்குக் கம்பை உன் மோவாய் உயரத்துக்குக் கட்டினாய். கால் வழுக்காமலிருக்க ஈரப் பெயிண்டில் மணல் தூவி, நீ நிற்கும் இடத்தில் இரண்டு பட்டைகள் போட்டாய். எல்லாம் சேர்ந்த ஒரு சனிக்கிழமை, வெள்ளைச் சல்வாரோடு நீ நிமிர்ந்து நின்று போனதை நான் துண்டை வைத்துக்கொண்டு கரையிலிருந்து பார்த்தேன்.

வாரா வாரம் "வாடி, ஏறு" என்று கூப்பிடுவாய். சேலை என்பேன், அம்மா என்பேன். அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. "ஏட்டி, பள்ளிக்கூடம் விட்டா வீடு. கடக்கரையில உனக்கு என்ன சோலி?" என்பாள். ஆனால் அம்மா ஒரு சாக்குத்தான். நீ நின்று காட்டிய இடத்தில் நான் ஏறி விழ எனக்கு மனசில்லை.

பிறகு அந்தச் சனிக்கிழமை. நான் சீக்கிரம் வந்துவிட்டேன். நீ டீ குடிக்கப் போயிருந்தாய். பலகை கட்டித் தயாராக மணலில் கிடந்தது. குறுக்குக் கம்பு ஒரு சாண் தாழ்ந்திருந்தது. கால்பட்டைகளுக்கு நடுவே, நெருக்கமாக, புதிதாக இரண்டு பட்டைகள். பாய் வேறு, இன்னும் சின்னது. அதன் ஓரம் கோணல்மாணலாக ஓடியிருந்தது. உன் கைத் தையல், பார்த்ததும் தெரிந்தது. தையல் டீச்சர் நான் ஒருத்தி இருக்க, யாரோ ஒரு குட்டைச்சிக்காக நீயே உட்கார்ந்து தைத்திருக்கிறாய். யார் என்றும் உடனே முடிவு கட்டினேன். நந்தனத்தில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்த பத்மா. லீவு நாட்களில் அண்ணன் குடும்பத்தோடு அங்கே வருவாள், என் உயரம், நீ எது சொன்னாலும் சிரிப்பாள். நீ வருவதற்குள் பஸ் ஏறிவிட்டேன்.

மூன்று வாரம் உன்னிடம் முகம் கொடுக்கவில்லை. என் கல்யாணம் வேறு நிச்சயமாகியிருந்தது. கடைசியில் நீ தி.நகருக்கே வந்தாய். மாடியில் மெஷின் பக்கத்தில் நின்று கேட்டாய்.

"இன்னாடி ஆச்சு உனக்கு? ஏன் வரல?"

"யாருக்கோ பாய் தைச்சியே, அவளைக் கூட்டிக்கிட்டுப் போ."

"லூசு. அது உனக்குத்தான்டி. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவையாவது உன்ன ஏத்திடணும்னு ரெண்டு வாரம் தைச்சேன். சொன்னா நீ வேணான்னுவே."

அப்போது நான் சிரித்திருக்கலாம். உன் கையைப் பிடித்திருக்கலாம். வாய் வேறு சொல்லிற்று. "நான் கேட்டேனா?"

நீ படியிறங்கும்போது அம்மா கொடுத்த காப்பியை மட்டும் நின்று குடித்துவிட்டுப் போனாய்.

கல்யாணமான புதிதில் வீட்டுக்காரரோடு மகாபலிபுரம் போய்த் திரும்பும்போது, பாலவாக்கத்தில் இறங்கிக் கடல் பார்க்கலாம் என்றேன். கடலைப் பார்க்க அல்ல. மணலில் நடந்து வந்து பார்த்தால், பத்மா நிற்கிறாள். அந்தச் சின்னப் பாய், அந்தத் தாழ்ந்த கம்பு. தண்ணீர் குதிக்கிறது, பலகை ஆடுகிறது, அவள் விழவில்லை. நான் சும்மா சந்தேகப்பட்டவளை நானே அங்கே ஏற்றி நிறுத்தியிருந்தேன். அவள் கரைப்பக்கம் திரும்பினாள். அடுத்த நொடி பாயைக் கைவிட்டுத் தொப்பென்று தண்ணீரில் விழுந்தாள். "ஐயோ, விழுந்துட்டாங்களே" என்றார் இவர். எனக்கு உள்ளம் குளிர்ந்தது. "விழட்டும், வாங்க போவோம்" என்று திரும்பி நடந்தேன்.

அப்புறம் நமக்குள் சண்டையும் இல்லை, பழைய பேச்சும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு உன் கேக் வரும், தீபாவளிக்கு என் அதிரசம் போகும். உன் நினைப்பு வந்து மனசு கனக்கிற நாட்களில், பத்மா விழுந்ததை நினைத்துக்கொள்வேன். அற்பம்தான். ஆனாலும் நாற்பது வருஷத்துக்கு மேல் அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

உன் பூசைக்குப் பத்மா வந்திருந்தாள். முடி முழுக்க வெளுத்து, முழங்காலில் வலியோடு. அவளாக வந்து என் கையைப் பிடித்தாள்.

"என்னிய ஞாபகம் இருக்காக்கா? டீச்சர் என்னிய ஒரு கண்டிசன் போட்டுத்தான் ஏத்துனாங்க. 'இது என் பிரண்டுக்கு வெச்சது, அவ வந்தா நீ எறங்கிடணும்'னாங்க. போறப்பல்லாம் கரையப் பாத்துக்கினே போவேன். ஒரு நாள் நீங்க வூட்டுக்காரரோட வந்தீங்களே, பாத்ததும் சடார்னு குதிச்சுட்டேன். பலகைய இழுத்துக்கினு கரைக்கு வரேன், நீங்க இல்ல."

"நீ விழுந்தேன்னு நினைச்சேன்" என்றேன்.

"நானா? அந்தப் பலகையில யாருதான்க்கா வுழுவா?" என்று சிரித்தாள். சிரித்தபடியே அழுதும்விட்டாள். எனக்கு முன்னால் இவள் உனக்காக அழுகிறாளே என்று அப்போதும் எனக்குப் பொறாமை வந்தது. இந்த வயதில், உன் கோயில் வாசலில் நின்றுகொண்டு.

அது என்னை விட்டுப் போகாது, என்னோடுதான் வரும். உன் சொல்லுக்கு அவள் நடுத்தண்ணீரில் குதித்தாள். நீ வாரா வாரம் கூப்பிட்டும் நான் கணுக்கால் நனைய இறங்கவில்லை.