நாற்பது பேருக்குப் பொன்னாடை

ஹைதராபாத்

அன்புள்ள தேவகனிக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். சர்க்கரையும் என்னைப்போலவே அடங்கி ஒடுங்கி இருக்கிறது. உன் முழங்கால் வலி குறைந்ததா? ஆன்ஸ்லின் படிக்கிறானா?

போன வாரம் ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதே. தோவாளைப் பூச்சந்தையைப் பற்றி எனக்கு முன்னால் யார் யார் என்ன எழுதினார்கள் என்று சொல்லும் ஆய்வேட்டு இயலை என் நெறியாளர் ஷப்னாவிடம் கொடுத்தேன். நம் ஊர்ப்பக்கம், கோட்டாற்றுப் பெண், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். ஐம்பது வயதில் படிக்கப் போனால் இப்படித்தான்.

"சார், இது சபை அசன விருந்துக்கு வரவேற்புரை மாதிரில்லா இருக்கு. நாப்பது பேருக்கும் பொன்னாடை போட்டிருக்கீங்க. இவியளுக்குள்ள யாருக்கு யாருகூட சண்டை? வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்தலன்னா, உங்க ஆய்வுப் பதிவை நீட்டிக்க நான் கையெழுத்து போட மாட்டேன்" என்றார்.

இருபது வருஷம் சபையில் வரவேற்புரை வாசித்த வாயில் வேறென்ன வரும்?

அப்போதுதான் நீ ஊர்க்கதை சொல்லும் விதம் நினைவுக்கு வந்தது. முதலில் சொன்னது யார், மறுத்தது யார், கேட்டதையே திருப்பிச் சொன்னது யார், எல்லோரும் கேட்க மறந்தது என்ன என்று காப்பி ஆறுவதற்குள் பிரித்து வைத்துவிடுவாய். அதே வரிசையில் மாற்றி எழுதினேன். ஷப்னா கையெழுத்துப் போட்டுவிட்டு, "யாரு சார் சொல்லித் தந்தா?" என்றார்.

"வீட்டுலதான்" என்றேன்.

நேந்திரங்காய் வற்றல் கொஞ்சம் அனுப்பு. பிறகு, என் படிப்பு கெடும் என்று போனில் "எல்லாரும் சுகம்" என்று சொல்லி வைத்துவிடாதே. மூன்று மாதமாக எனக்குத் தெரிந்து ஊரில் ஒரு சண்டைகூட இல்லை. இப்படி எத்தனை நாள் இருப்பது?

மெஸ் மூடப்போகிறார்கள், சாப்பிடப் போகிறேன்.

உன் ஜெபதாஸ்