பெயர் எழுத இடமில்லாத பெட்டி

மார்ச் 3, செவ்வாய்

டி.வி. பதிவுப் பெட்டி இன்றைக்கும் நின்றுவிட்டது. மூன்று மணி சீரியலில் மாமியார்க்காரி மருமகளை அறையக் கையை ஓங்கினாள், அந்தக் கை அந்தரத்திலேயே நின்றது. கால் மணி நேரம் காத்திருந்தேன், அறை விழவில்லை. பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டி, பிளக்கைப் பிடுங்கிச் சொருகினேன். ஓடியது. பேப்பருக்குப் பின்னாலிருந்து இவர் சிரித்தது கேட்டது. சிரிக்கட்டும்.

ஓடிய பிறகு பதிவுகளின் பட்டியலைத் திறந்தால், என் சீரியலுக்கு இவர் வைத்திருக்கும் பெயர்: “மூக்குச் சிந்தல் 88”. நேற்று வரைக்கும் 87.

இவருடைய அரசியல் விவாதத்தை எடுத்து “நாய்ச் சண்டை 41” என்று மாற்றிவிட்டுத்தான் எழுந்தேன்.

மார்ச் 4, புதன்

எழுதி வைக்கிறேன், பின்னாளில் நானே நம்பமாட்டேன். ஒரே கூரையின் கீழ் ஒன்பது வருஷமாக நானும் இவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ரயில் நிலைய விசாரணைக் கவுண்டரில் முப்பது வருஷம் பேசிப் பேசியே சம்பளம் வாங்கியவள் நான். வீட்டில் ஊமை.

ஆனால் பேச்சு நின்றதே தவிர சண்டை நிற்கவில்லை. டி.வி.யில் வருவதைப் பதிந்து வைக்கும் இந்தப் பெட்டியில், ஒவ்வொரு பதிவுக்கும் நாமே பெயர் எழுதிக்கொள்ளலாம். ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட வேண்டும். இருபது எழுத்துக்கு மேல் ஏறாது, அதுவும் ஆங்கில எழுத்து. தமிழை மடக்கி மடக்கித்தான் அதற்குள் திணிக்க வேண்டும். யார் ஆரம்பித்தது? இவர்தான். என் சீரியலுக்கு “அழுமூஞ்சி” என்று பெயர் வைத்தார். நான் சும்மா இருப்பேனா?

வசவு மட்டும் இல்லை. “பால் நாளைக்கு இல்லை”, “கேஸ் தீர்ந்தது”, எனக்குக் காய்ச்சல் வந்தபோது “மாத்திரை மேஜைமேல்” – எல்லாம் அதில்தான். தாளில் எழுதலாமே என்று கேட்டால், தாளில் எழுதினால் தோற்ற மாதிரி. பெட்டியில் எழுதினால் பெட்டிக்குத்தானே எழுதினோம்?

இன்றைக்கு இவருடைய செய்தி: “ரிப்பேர் செய்யணும்”. என்னுடையது: “புதுசு வாங்கணும்”.

மார்ச் 6, வெள்ளி

மெக்கானிக் வந்தான். பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தான்.

“ஹார்ட் டிஸ்க் நல்லாத்தான் இருக்கும்மா. சப்ளை போர்டுல கபாசிட்டர் உப்பிப் போயிருக்கு. மாத்தினா போதும். பத்து நாள் குடுங்க, பதிஞ்சதெல்லாம் அப்படியே திரும்பக் கிடைக்கும்.”

“புதுசு வாங்கினா?”

“பழசுல இருக்கறது ஒண்ணும் அதுக்கு வராதும்மா. டிஸ்க்கக் கழட்டி மாட்டினாலும், அழிச்சிடவான்னுதான் முதல்ல கேக்கும். அப்புறம், புதுசுல இந்த மாதிரி பேர் எல்லாம் எழுத முடியாது. நிகழ்ச்சி பேர அதுவே போட்டுக்கும்.”

இவர் அவனிடம், “ரிப்பேரே போதும்னு சொல்லுப்பா” என்றார். எதிரே கல்லுமாதிரி நிற்கிற எனக்குச் சொல்லச் சொல்கிறார். நானும், “புதுசுதான்னு சொல்லுப்பா” என்றேன். அவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு போன் பண்ணுங்கம்மா.”

பேசி முடிவு பண்ண வேண்டுமாம்.

மார்ச் 7, சனி

புதுசு வாங்கினால் இவருக்கு வாய் போய்விடும். நேற்று மெக்கானிக் சொன்னதிலிருந்து இதையே நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுகிறேன். இனி என்னை எதில் எழுதி வைவார்? எனக்கும்தான் வாய் போகும். போகட்டும். எனக்கு இவரிடம் சொல்ல இனி என்ன இருக்கிறது?

மகள் விஷயத்தில் சொல்ல வேண்டியதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். தானாகக் கல்யாணம் செய்துகொண்டு, ஒரு துணிப்பெட்டியும் அவனுமாக வாசலில் வந்து நின்றாள். கதவைத் திறந்தது நான். இவர் உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்தபடி, சன்னக் குரலில், “எனக்குப் பொண்ணே இல்லன்னு சொல்லு” என்றார். நான் வாசலுக்கு வந்து, கவுண்டர் குரலில், “இந்த வீட்டுல பொண்ணுன்னு யாரும் கிடையாது” என்றேன். ரயில் ரத்து என்று சொல்கிற அதே குரல். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

சொல்லச் சொன்னது இவர். எங்கள் இரண்டு பேர் வாயும் அன்றைக்கு மூடியதுதான்.

மார்ச் 9, திங்கள்

மத்தியானம் மொட்டை மாடியில் துணி உலர்த்திவிட்டு வந்தால், இவர் பெட்டி முன்னால் குந்தி உட்கார்ந்து ரிமோட்டைத் தட்டிக்கொண்டிருக்கிறார். அரை மணி நேரம் தட்டினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். கம்பவுண்டராக இருந்தபோது சீட்டைப் பார்த்து மருந்து கலந்தாரே, அதற்குக்கூட இவ்வளவு கவனம் இல்லை.

சாயங்காலம் என்னதான் வசவு என்று பார்க்கப் பட்டியலைத் திறந்தேன். முதல் பக்கத்தில் நின்றுவிட்டது. புதிதாய் எழுதினது கடைசிப் பக்கத்தில் இருக்கும், அது திறக்கவே இல்லை. ரிமோட்டும் கையுமாக அரை மணி உட்கார்ந்திருந்தேன். இவர் இரண்டு தடவை ஹாலைக் கடந்து போனார், என்னைப் பார்த்துக்கொண்டே.

பாவம், அவ்வளவு பாடுபட்டு எழுதிய வசவு. யாருக்கும் கிடைக்காமல் போய்விட்டது. சிரிப்பாக வந்தது.

மார்ச் 10, செவ்வாய்

காலையில் சமையலறை வாசலில் வந்து நின்றார். நிற்கிற ஆள் இல்லை. தொண்டையைச் செருமினார். “இந்தா...” என்றார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை.

குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினேன். திரும்பிப் பார்த்தபோது வாசலில் ஆள் இல்லை.

ரிப்பேர் செய் என்று கெஞ்ச வந்திருப்பார். அவ்வளவு ஆசையா, என்னை வைய? வைவதற்கு ஒரு பெட்டி இல்லாமல் போகிறதே என்று வயிறு எரிகிறதா? எரியட்டும்.

மார்ச் 11, புதன்

மெக்கானிக்குப் போன் செய்தேன். புதுசு. பழசை எடுத்துக்கொண்டு போ.

“உள்ள இருக்கறத அழிச்சிடவாம்மா?”

“சுத்தமா அழிச்சிடு” என்றேன். இவர் காதில் விழுகிற மாதிரி, சத்தமாகவே.

மார்ச் 12, வியாழன்

புதுப் பெட்டி வந்தாயிற்று. சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கிறது. பழசை மெக்கானிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனபோது இவர் வாசல் வரைக்கும் பின்னாலேயே போய் நின்றார். திரும்பி வந்து என்னைப் பார்த்தார். ஒரு பார்வை. அதில் கோபம் இல்லை. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. நான் ஜெயித்தேன் என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

இவர் பெரிய துரை மாதிரி இன்றைக்குச் சவரம் செய்துகொண்டு, தானே சட்டைக்கு இஸ்திரி போட்டார். காலரில் மடிப்பு விழுந்துவிட்டது. கிழவர் இந்த வயதில் யாரை மயக்கப் போகிறாராம்?

மூன்று மணிக்குக் கிளம்பினார். கிளம்புகிறவர் நேரே போக வேண்டியதுதானே? செருப்பு ஸ்டாண்டிலிருந்து என் செருப்பையும் எடுத்து, தன்னுடையதற்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்துவிட்டு நின்றார். என்னை வீட்டை விட்டுப் போகச் சொல்கிறாராம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்பை ஸ்டாண்டுப் பக்கம் எட்டி உதைத்தேன். ஒன்று கவிழ்ந்து விழுந்தது. டி.வி. சத்தத்தை ஏற்றினேன்.

ஏழு மணிக்கு வந்தார். சாப்பிடவில்லை.

மார்ச் 16, திங்கள்

இன்றைக்கும் சாப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 21, சனி

மெக்கானிக் வந்திருந்தான். புதுப் பெட்டிக்கு வாரண்டி சீட்டில் கையெழுத்து வேண்டுமாம். கையெழுத்து வாங்கிய பிறகும் போகாமல் வாசலிலேயே நெளிந்தான்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பழச விக்கறதுக்காகச் சரி பண்ணேன். அழிக்கறதுக்கு முன்னாடி கண்ணுல பட்டுது. கடைசி நாலு பதிவுக்கும் எழுதின பேரு ஏதோ வீட்டு விஷயம் மாதிரி இருந்துச்சு. அழிக்கக் கை வரல. எழுதிக்கிட்டு வந்தேன்.”

பில் புத்தகத்திலிருந்து கிழித்த தாள். அவனுடைய கோணல் எழுத்தில்:

அவ போன் பண்ணா
ஞாயிறு 4 நம்ம ஸ்டேஷன்
ரயில் மாற 2 மணி நேரம்
உன்னையும் கேட்டா

வாசலில் நின்றபடியே படித்தேன். அவன் எப்போது போனான் என்று தெரியாது. நம்ம ஸ்டேஷன். நான் முப்பது வருஷம் உட்கார்ந்த ஸ்டேஷன். எந்த ரயில் எங்கே நிற்கும் என்று ஊருக்கெல்லாம் சொன்னேனே, கடவுளே.

மார்ச் 21, சாயங்காலம்

எழுதிவிட வேண்டும், ஒரு வார்த்தை விடாமல்.

தாளை இவர் முன்னால் வைத்தேன். வாயைத் திறந்தேன்.

“எப்படி இருந்தா?”

என்னை நிமிர்ந்து பார்த்தார். “இளைச்சிருந்தா. கண்ணாடி போட்டிருக்கா.”

“என்னைத் தேடினாளா?”

“வந்தவுடனே அதான் கேட்டா. உங்கம்மா வரமாட்டான்னு சொல்லிட்டேன்.”

“ஏங்க அப்படிச் சொன்னீங்க?”

“வேற என்ன சொல்றது? எழுதி வெச்ச அன்னிக்கு சாயங்காலம் ரிமோட்ட வெச்சுக்கிட்டு அரை மணி நேரம் அதத்தானே பாத்த? மறுநாள் பேச வந்தேன், குழாயத் திறந்துவிட்ட. அதுக்கும் மறுநாள் சுத்தமா அழின்னு போன்ல கத்தி, பெட்டியவே தூக்கிக் குடுத்த. கிளம்பும்போது செருப்ப எடுத்து வெச்சேன், எட்டி உதைச்ச. இன்னும் எப்படித்தான் பதில் சொல்லுவாங்க?”

“நான் படிக்கவே இல்லைங்க. அந்தப் பக்கம் திறக்கவே இல்ல.”

“படிக்கலையா?” என்றார். “படிக்கலையா?” மறுபடி மறுபடி அதையே கேட்டார். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. உங்களுக்கு மட்டும் எப்படிப் போன் செய்தாள் என்று கேட்டேன். உங்களிடம் கோபம் இல்லையா என்று கேட்டேன்.

“என்மேல அவளுக்கு என்ன கோபம்?” என்றார். “அன்னிக்கு என் குரல அவ கேக்கவே இல்லையே. நான் வீட்டுலயே இல்லன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. ஒன்பது வருஷமா.”

“நீங்க சொல்லலையா? சொல்லச் சொன்னதே நீங்கதான்னு அவகிட்ட சொல்லலையா?”

“ரெண்டு மணி நேரம்தான் இருந்துச்சு” என்றார்.

அடப்பாவி. அட பாவி மனுஷா.

மார்ச் 24, செவ்வாய்

இவர் போனிலிருந்து மகளைக் கூப்பிட்டேன். நம்பர் தரமாட்டேன் என்று சொல்லவில்லை, அவரே போட்டுக் கொடுத்தார். எடுத்தவுடன், “அப்பா, சொல்லுப்பா” என்றாள். அந்தக் குரலுக்காகவே இன்னும் ஒன்பது வருஷம் இருக்கலாம்.

“நான்தான்” என்றேன்.

“சொல்லுங்க. ஏதாவது அவசரமா?” என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். என்னை வாடி போடி என்று கொஞ்சிய பெண். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களிடம் நான் பேசிய தன்மையில் பேசினாள். என்னிடமிருந்து வேறு எதைக் கற்றாளோ தெரியாது, இதைக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அன்றைக்குச் சொல்லச் சொன்னது அப்பா என்று. எதிரே இவர் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, ஆபரேஷனுக்கு வந்த ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார். சொன்னால் என்ன ஆகும்? அவளுக்கு இருக்கிற ஒருத்தரும் இல்லாமல் போவார். நான் அவளுக்குக் கிடைத்துவிடுவேனா? வாசலில் வந்து சொன்னது என் வாய்தானே. இவர் உள்ளே ஆயிரம் சொல்லட்டும், நான் கதவைத் திறந்து, உள்ளே வாடி என்று சொல்லியிருந்தால் யார் தடுத்திருப்பார்கள்?

“ஒண்ணும் இல்ல. சும்மாதான்.”

“அப்படியா. உடம்பப் பாத்துக்கோங்க. அப்பா பக்கத்துல இருந்தா குடுங்க.”

கொடுத்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

என் போனிலிருந்து கூப்பிட்டால் எடுப்பதில்லை. இன்றைக்கு ஐந்து தடவை.

ஏப்ரல் 26, ஞாயிறு

புதுப் பெட்டியில் ஒரு குறையும் இல்லை. நிற்பதில்லை, சிக்கிக்கொள்வதில்லை. இவருடைய விவாதத்தையும் நானே பதிந்து வைத்துவிடுகிறேன், மறந்துபோனால் முகம் சுளிப்பார்.

நாங்கள் இப்போது நன்றாகப் பேசிக்கொள்கிறோம். கீழ்வீட்டுக்காரி கூட, “என்னம்மா, சிரிப்புச் சத்தமெல்லாம் கேக்குது” என்றாள். சிரிக்கத்தான் வேண்டியிருக்கிறது. இவர் சொல்கிற அசட்டு ஜோக்குக்கெல்லாம் சிரிக்கிறேன். முகம் கொடுக்காவிட்டால் அன்றைக்கு அவளைப் பற்றி எதுவும் சொல்லமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவள் கூப்பிடுவாள். இவர் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நான் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு ஹாலில் உட்கார்ந்திருப்பேன். இன்றைக்குப் பதினெட்டு நிமிஷம். வெளியே வந்து, “நல்லா இருக்கா. வேலை ஜாஸ்தியாம்” என்றார். பதினெட்டு நிமிஷத்துக்கு இவ்வளவுதான்.

“அப்புறம் என்ன சொன்னா?” என்றேன்.

“காபி போட்டுக் கொண்டா, சொல்றேன்” என்றார்.

போட்டுக் கொடுத்தேன். நன்றாக ஆற்றி, நுரை பொங்கக் கொடுத்தேன்.