தோளுக்கு மூன்று விரல் கீழே

மார்ச் 3, செவ்வாய்

புது நோட்டு. பழைய நோட்டின் விதி இதிலும் தொடரும்: மனைவியின் தம்பிக்கு இங்கே பெயர் துரை. நேரில் 'வாப்பா' என்று சிரிக்கிறேன். எழுத்திலாவது உண்மை இருக்கட்டும்.

சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். சரியாகத்தான் இருந்தது. நம்பிக்கை வராமல் இன்னும் இரண்டு முறை பிரித்துப் பூட்டினேன்.

மாலை துரை வந்தான். மாமனார் விட்டுப்போன கூரை திறக்கும் கார் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டதாம். இரண்டே இருக்கை. வயது அறுபது, துரையைவிட மூன்று வயது இளையது, அவனைவிட லட்சணம். இருபத்தொன்பதாம் தேதி பழைய கார்க்காரர்கள் எல்லோரும் வரிசையாக மலைச்சாலை ஏறுகிறார்களாம். பக்கத்து சீட்டில் அக்கா வர வேண்டுமாம். இவளும் தலையாட்டிவிட்டாள்.

அந்தக் காரில் பெல்ட் என்று ஒரு நாடாகூடக் கிடையாது. ஓட்டப்போவதோ, போன ஜனவரியில் தன் இன்னொரு காரைக் கொண்டுபோய் மைல்கல்லில் சாத்தியவன்.

டீ நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 5, வியாழன்

துரையிடம் சொல்லிவிட்டேன். தோளுக்கும் சேர்த்து பெல்ட் இல்லாமல் அவள் ஏறக் கூடாது. துண்டுச்சீட்டில் எழுதிவைத்துத்தான் படித்தேன். ஆனாலும் சொன்னேன்.

"பெல்ட்டால கட்டிப் போடறதுக்குத் தொறந்த கார் எதுக்கு அத்தான்? ஸ்ட்ரெச்சர்லயே கூட்டிட்டுப் போயிடறேன்."

இவளும் சிரித்தாள். பிறகு, நான் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது: "முப்பது வருஷமா பஸ்ஸுல ஜன்னலை மூடச் சொல்ற ஆளு நீங்க. ஒரு நாள் காத்து வாங்கினா என்ன?"

காற்றையா வேண்டாம் என்கிறேன்?

மார்ச் 8, ஞாயிறு

அக்கா கெஞ்சியதால் பெல்ட் போட்டிருக்கிறான். போடாமலே இருந்திருக்கலாம்.

இந்தக் காரில் கதவுக்குப் பின்னால் தூண் கிடையாது. பெல்ட்டை மேலே மாட்ட இடமில்லை. அதனால் சீட்டுக்குப் பின்னால் தரையில் முடுக்கி, சீட்டுச் சாய்மானத்தின் மேல் வழியாக இழுத்துவிட்டிருக்கிறார் வெல்டர். பார்க்க அழகுதான். கார் எதிலாவது முட்டினால், உடம்பு முன்னால் போகும், பெல்ட் தோளைக் கீழே அழுத்தும், முதுகெலும்பு நடுவில் நசுங்கும். பெல்ட் தோள் மட்டத்திலிருந்தோ சற்று மேலிருந்தோ வர வேண்டும். முப்பத்து நாலு வருஷம் இயந்திர பாகங்களுக்குப் படம் வரைந்தவன் நான். விசை எந்தப் பக்கம் போகும் என்பதாவது எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

சொன்னேன். வெல்டர் துரையைப் பார்த்தார். துரை சொன்னான், "ஆயுசு பூரா பேப்பர்ல கோடு போட்டவரு நீங்க. ஒரு போல்ட்டாவது முடுக்கியிருக்கீங்களா?"

வந்துவிட்டேன். தெருமுனையில் பதில் தோன்றியது. வீட்டுக்கு வருவதற்குள் மேலும் பத்து. எல்லாம் பின் அட்டையில் எழுதியிருக்கிறேன், வரிசை எண்ணோடு.

மார்ச் 9, திங்கள்

இவள் அவனைப் போனில் என்ன பிடி பிடித்தாளோ, நான் வரைந்து தரும் படத்தின்படியே செய்யச் சம்மதித்துவிட்டான். ஒவ்வொரு சீட்டுக்குப் பின்னாலும் இரும்புக் குழாய்த் தூண். அடியில் காரின் இரும்புச் சட்டத்தோடு வெல்டிங். உச்சியில் பெல்ட் வளையம்.

இவளைச் சீட்டில் உட்காரவைத்து, ரசமட்டம் வைத்துத் தோள் உயரம் எடுத்தேன். மூன்று முறை. மூன்றும் ஒன்றே. துரையை அளக்க வேண்டியதில்லை; உட்கார்ந்தால் அக்காவும் தம்பியும் ஒரே உயரம்.

அவனோடு இனிப் பேச்சில்லை. படத்தை இவள் கையில் கொடுத்தனுப்பினேன்.

மார்ச் 15, ஞாயிறு

தூண்கள் முடிந்தன. கித்தான் கூரை மடங்கி மூடுவதற்கு மயிரிழை இடம்தான் மிச்சம்.

துரை என்னிடமிருந்து இரண்டு முழம் தள்ளி நின்றுகொண்டு, "காருக்குக் கொம்பு முளைச்சிருக்குன்னு சொல்லுக்கா" என்றான்.

ஓட்டுகிறவனுக்குப் பொருத்தம்தான் என்று சொல் — இது தொண்டைவரை வந்தது. "பெயின்ட் நல்லாருக்குன்னு சொல்லு" என்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

துரைமேல் கோபமே வராத நாள். அவன் ஊரில் இல்லை.

மார்ச் 27, வெள்ளி

நான் முட்டாள்.

சீட்டுகள் தைத்து வந்திருக்கின்றன. சிவப்புத் தோல். இவள் ஏறி உட்கார்ந்தாள். வளையம் அவள் தோளுக்கு மூன்று விரல் கீழே இருந்தது.

உறை மாற்றப்போகிறான் என்று தெரியும். உள்ளே இருந்த தொய்ந்த ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டுக் கெட்டி ஃபோம் வைக்கப்போகிறான் என்று தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். எப்படிக் கேட்பது? பேச்சில்லையே. மூன்று முறை அளந்தேன், அழிந்துபோன சீட்டை!

நேராக அவனிடமே சொன்னேன்: "தப்பு என்னுது." வெல்டருக்குக் காது கேட்கவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்க என்றான். சொன்னேன். தூணை ஏற்றினால் கூரை மூடாது என்று வெல்டர் கையை விரித்தார். சீட்டையாவது தாழ்த்தச் சொன்னேன்.

"புதுசா தைச்ச சீட்டுல யாராவது கை வச்சா கையை முறிச்சிடுவேன்னு சொல்லுக்கா. ஒரு நாள் பயணம்தானே?"

ஒரு நாளில் முதுகு முறியாதா?

அவன் தோளும் மூன்று விரல் மேலேதான் இருக்கிறது. அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. — எழுதிவிட்டுப் பார்க்கிறேன். அந்த வரியை அடிக்கத் தோன்றவில்லை.

மார்ச் 28, சனி

மதியம் துரை கார்க்காரர்கள் கூட்டத்துக்குப் போனான். அவன் கார் ஷெட்டுக்கு இவளிடம் ஒரு சாவி இருக்கிறது. ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

இவள் சீட்டைக் கழற்றி, அடித்தையலைப் பிரித்து, ஃபோமைச் சுற்றிலும் பேனாவால் கோடு போட்டு, ரொட்டிக் கத்தியால் மூன்று விரல் கனத்துக்கு அறுத்தேன். கோடு தவறவில்லை. அவன் சீட்டையும் பார்த்தேன். தொடவில்லை. பயமா, வன்மமா? இரண்டும் இருந்தது.

ஊசியோடு மல்லாடிக்கொண்டிருக்கும்போது வாசலில் இவள். கத்தியைப் பார்த்தாள், ஃபோம் துண்டைப் பார்த்தாள்.

"வாயைத் தொறந்து பேசித் தொலைச்சிருந்தா இந்தக் கண்றாவி தேவையா?"

ஊசியைப் பிடுங்கி மீதியை அவளே தைத்தாள். முடித்து, மாட்டி, உட்கார்ந்தாள். ரசமட்டத்தில் குமிழ் நடுவில் நின்றது.

மார்ச் 29, ஞாயிறு

காலையில் கண்டுபிடித்துவிட்டான். பக்கத்தில் அக்கா தலை தாழ்ந்து தெரியாமல் இருக்குமா? இறங்கி எங்கள் கேட்டுக்கு வந்தான். மூன்று வாரத்தில் என்னோடு தானாகப் பேசிய முதல் பேச்சு.

"இனிமே என் ஷெட்டுல உங்க நிழல்கூட விழக் கூடாது."

சரி என்றேன். பின்னாலிருந்து இவள், "பெல்ட் போட்டாச்சு. வண்டியை எடுக்கறியா, நான் எறங்கட்டுமா?" என்றாள்.

ஒன்பதேகாலிலிருந்து மூன்றேமுக்கால்வரை கேட்டருகிலேயே நின்றேன். எதிர்வீட்டுக்காரர் இரண்டு முறை விசாரித்தார். வந்தாள். முகமெல்லாம் வெயில். தோளில் பெல்ட் பதிந்த கோடு. "இந்தப் பொம்மை மாதிரி நிக்கறதை விடுங்க" என்று உள்ளே போனாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

மறுபடி மலைக்கு. ஹாரன் அடித்தான்; என்னைப் பார்க்கவில்லை. நானும் திரைக்குப் பின்னால்தான் இருந்தேன்.

இரண்டு தலையும் ஒரே மட்டம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இவள் உயரவில்லை, அவன் தாழ்ந்திருக்கிறான். மூன்று விரல், கூடவோ குறையவோ இல்லை.

முதுகெலும்புக்காகவா? சீட்டு ஏறுமாறாக இருந்தது கண்ணை உறுத்தியதாலா? என்னிடம் சொல்லப்போவதில்லை. இவளிடம் சொல்லியிருந்தாலும் இவள் சொல்ல மாட்டாள்.

கார் திரும்பியதும் நாளிதழோடு நாற்காலியில் சாய்ந்தேன். அவர்கள் வந்த சத்தம் கேட்கவில்லை. இவள் உலுக்கி எழுப்பியபோது மணி நாலு.