நித்யாவின் முதுகில் இருந்த எழுத்து

என் அம்மிணி சரசு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உன் மகள் நித்யா பதினொன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். உன் உயரத்தைத் தாண்டிவிட்டாள். பேச்சு மட்டும் இன்னும் அளந்துதான். மாப்பிள்ளை சாயப்பட்டறையில் ஷிப்ட் மாறி மாறிப் போவதால், அவளுடைய பள்ளிக்கூட விஷயமெல்லாம் மாமன் நான்தான்.

உன் அண்ணன் பெருமைக்கு இங்கே குறைச்சலில்லை. பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். நான் பெட்டி போடாத துணியை, சரக்கு வாங்க வரும் வெள்ளைக்காரர்கள் தொடுவதே இல்லை. அவர்களோடு இங்கிலீஷில்தான் பேசுகிறேன் என்று நித்யாவிடம் சொல்லி வைத்திருந்தேன். எனக்கு அதை எழுத்துக்கூட்டக்கூட வராது என்பது உனக்குத் தெரியும்.

பிறந்த நாளென்றால் பள்ளிக்கூடத்துக்குக் கலர் டிரஸ் போட்டுப் போகலாம் அல்லவா? காதர்பேட்டைத் துணிக்கடைகள் முழுக்க அலசி ஒரு டாப்ஸ் வாங்கி வந்தேன். முதுகில் வெள்ளி நிறத்தில் இங்கிலீஷ்.

"என்ன எழுதியிருக்குது தெரியுமா கண்ணு? 'தங்கமான புள்ள'ன்னு!"

அவள் எழுத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நல்லா இருக்குதுங்க மாமா" என்றாள். மறுநாள் பிறந்த நாள். அதையே போட்டுக்கொண்டு போனாள்.

அதற்கப்புறம் வயிற்றுவலி என்று நான்கு நாள் படுத்துவிட்டாள். நோட்டுக் கொடுக்க வந்த வகுப்புத் தோழி கவிதா வாசலில் வைத்து என்னிடம் கேட்டாள்: "அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு நெசமாவே தெரியாதுங்களா மாமா? 'என் வாயை யாராலும் மூட முடியாது'ன்னுங்க. பின் பெஞ்சுல ஒரே சிரிப்பு. 'ஏய் லவுட்ஸ்பீக்கர், வால்யூமக் கொறைடி'ன்னு. இப்ப அதுதானுங்க அவ பேரு."

படிக்கத் தெரிந்த பிள்ளை, சரசு. தெரிந்தேதான் போட்டிருக்கிறாள். அர்த்தத்தைச் சொன்னால் மாமன் முகம் சுருங்கிவிடும் என்றா? நீ இருந்திருந்தால் உன்னிடமாவது சொல்லியிருப்பாளா?

எனக்கு ஆத்திரம். அடுத்த நாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டு, அவளை வண்டியில் ஏற்றினேன். "வா கண்ணு. ஹெட்மாஸ்டரையே கேக்கறேன். உன்ர மாமன் யாருன்னு காட்டறேன்."

பள்ளிக்கூட வாசலில் இறங்கியவள் வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க உள்ள வர வேண்டாங்க மாமா. வந்தா இன்னும் சிரிப்பாங்க. நானே பேசிக்கறேனுங்க."

அவள் என்னிடம் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் வெளியிலேயே நின்றேன்.

மேடையேறி ஒரு மணி நேரம் முழங்கினாள், பின் பெஞ்சே கையெடுத்துக் கும்பிட்டது என்று கம்பெனியில் சொல்லிவிட்டேன். உன்னிடம் அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. சாயங்காலம் அவள் சொன்னது இவ்வளவுதான்: "'அப்படிக் கூப்புடாதீங்க'ன்னேனுங்க. ரெண்டு பேரு சிரிச்சாங்க. ஒருத்தி பக்கத்துல வந்து உக்காந்தா."

தாயில்லாத பிள்ளை, என் பொய்யையும் சேர்த்து முதுகில் சுமந்து போனாளே என்பதுதான் ஆறவில்லை, அம்மிணி.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவளை உட்கார வைத்து என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன்: உன் மாமன் ஆறாவது வரைக்கும்தான் படித்தான் என்று. ஏழாவது என்றுகூட ஏற்றிச் சொல்ல மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன்னோடு பிறந்த,
அண்ணன்