கடை பெயரில் ஓடிய ஒரு வாரம்

உம்முடைய எண்ணுக்குப் போன் போட்டால், அது இப்போது உபயோகத்தில் இல்லை என்று மராத்தியில் ஒரு குரல் சொல்கிறது. போட்டது நான் இல்லை, ஸ்நேகா. செம்பூர்ப் பெண். நம் கணினிகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்ற நான் அமர்த்திய இன்ஜினியர். வீட்டில் தமிழ்தான், ஆனால் தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. நல்லவேளை, நீர் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி வைத்திருந்தீர். உம் புரோகிராமின் நடுவே, "இந்த வரியை அழிக்கும் முன் எனக்கு ஒரு போன் பண்ணவும்" என்று ஒரு குறிப்பு. கீழே உம் எண்.

"அங்கிள், யே கோன் ஹை? போன் லக்தா நஹி." யார் இது, போன் போகலையே என்று இந்தியில் கேட்டாள்.

"அவரு போய்ச் சேந்து ரெண்டு வருசமாச்சும்மா."

"ஓ... சாரி அங்கிள். அப்போ இந்த லைனை என்ன பண்றது?"

"தூக்கிரு. எல்லா வேலையும் கடை பேர்லயே ஓடட்டும்," என்றேன். யோசிக்கவே இல்லை. வெளியே டெம்போக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

நீர் இருந்தால் அன்றைக்கே என்னோடு சண்டைக்கு வந்திருப்பீர். ஏற்கெனவே ஒரு தடவை வந்தவர்தானே.

அப்போது தாராவியில் என் காயலான் கடைப் பட்டறையில் நாற்பது பழைய கம்ப்யூட்டர்கள் கிடந்தன. உடைத்து விற்க வாங்கியவை. மாட்டுங்கா ஆபீஸ்காரரான நீர் வந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "உடைக்காதீங்கோ அண்ணாச்சி. நாப்பதையும் கோத்து ஒரே மெஷினா ஓட்டலாம். பெரிய பெரிய கணக்கெல்லாம் போடலாம்" என்றீர். அதற்கு கிரிட் என்று பெயர் என்பதே எனக்குப் பிறகுதான் தெரியும். அம்பர்நாத்திலிருந்து இரண்டு பெயிண்ட் கம்பெனிகள் வந்தன. ஒன்றுக்கொன்று ஆகாது. இரண்டின் கலவைக் கணக்கும் நம் பட்டறையில்தான் ஓடியது.

எல்லாம் கடை பெயரில் ஓடட்டும் என்று அன்றைக்கும் சொன்னேன். எங்கள் பக்கத்துத் தொழில் முறை அது. பத்துப் பட்டறைச் சரக்கு ஒரே டெம்போவில், ஒரே ஆள் பெயரில் போகும். உள்ளே எது யாருடையது என்று எவனும் கேட்க மாட்டான். நீர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தீர்.

"வாசல்ல யாருன்னு கேட்டா மட்டும் போறாது அண்ணாச்சி. உள்ள ஒவ்வொரு மெஷினும் 'நீ யாருக்காக வந்திருக்கே'ன்னு கேக்கணும்."

"நாப்பது மெஷினும் கேட்டா வேலை ஓடுமாவே?"

"ஓடும். கொஞ்சம் மெதுவா ஓடும்."

"மெதுவா ஓட நான் மாட்டு வண்டி வாங்கிக்கிடுதேன். நீரு எதுக்கு?"

இரண்டு வாரம் நீர் என்னோடு பேசவில்லை. ஆனால் வேலையை உம் இஷ்டப்படியே முடித்தீர். வாடிக்கையாளருக்கு, அவர் யாரென்று சொல்லி அரை நாளில் செத்துப்போகும் ஒரு சீட்டு. அவர் கொடுத்த வேலை எந்த மெஷினுக்குப் போனாலும் அந்தச் சீட்டும் கூடவே போகும். புதியதற்காக எடுத்த நகலில் ஸ்நேகா அழித்தது அந்தச் சீட்டைக் கேட்கும் வரியைத்தான்.

பழைய கிரிட் மென்பொருளை இப்போது பராமரிக்க ஆள் இல்லை. அதில் ஓட்டை விழுந்தால் அடைப்பார் கிடையாது. மாற்றாவிட்டால் வர மாட்டோம் என்று இரண்டு கம்பெனியும் சொல்லிவிட்டன. அதனால்தான் எல்லாவற்றையும் புதிய ஜாவா வெப் சர்வீஸ்களாக, ஒன்றையொன்று கூப்பிட்டு வேலை வாங்கும் சின்னச் சின்ன புரோகிராம்களாக, மாற்றினோம். சும்மா சொல்லக்கூடாது, பறந்தது. ஒரு வாரம் இரண்டு கம்பெனி வேலையும் அதில்தான் ஓடியது.

சனிக்கிழமை காலை நானே சோதித்தேன். குடோனைச் சோதிக்க எனக்கு ஒரே வழிதான் தெரியும்: அடுத்தவன் மூட்டையைக் கேட்டுப் பார்ப்பது. முதல் கம்பெனி பெயரில் நுழைந்து இரண்டாவது கம்பெனியின் வேலை எண்ணைக் கேட்டேன். முழுக் கலவையும் திரையில் வந்து நின்றது. ஸ்நேகாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"வாசல்ல செக் ஆகுது அங்கிள். உள்ள எல்லாம் கடை பேர்ல போகுது. கடைக்குத்தான் எல்லா ஃபைலும் திறக்குமே. நீங்கதானே சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். அந்த ஒரு வாரத்தில் வேறு யாராவது இப்படி எடுத்திருந்தால்? உள் மெஷின்களின் பதிவில் எங்கே பார்த்தாலும் என் கடை பெயர்தான். இரண்டு கம்பெனியையும் அந்த நிமிடமே பழையதற்கு மாற்றினோம். உம் வரி அதில் அப்படியே இருந்தது; ஓட்டை விழக்கூடியதானாலும் அதற்கு ஆள் தெரியும். பிறகு ஸ்நேகாவும் நானும் வாசல் பதிவையும் உள்பதிவையும் நிமிடம் நிமிடமாக ஒப்பிட்டோம். இரண்டு பகல் ஆனது. என்னைத் தவிர யாரும் எடுக்கவில்லை.

இரண்டாவது கம்பெனி மேனேஜருக்கு நானே போன் செய்தேன். நம் ஊர்க்காரர்தான்.

"யாரும் பாக்கலைன்னா எதுக்குவே எங்கிட்ட சொல்லுதீரு?"

"நாளைக்கு நீராக் கண்டுபிடிச்சா என்ன செய்வீரு?"

"வேற எடம் பாப்பேன்."

"அதான் சொல்லுதேன்."

"சரி பண்ணிட்டு இங்க வாரும். எங் கண்ணு முன்னால எங்க ஃபைலை எடுக்க முடியுதான்னு காட்டும்" என்றார்.

ஸ்நேகா மூன்று வாரம் உட்கார்ந்தாள். இப்போது ஒரு சர்வீஸ் இன்னொன்றைக் கூப்பிட்டால் வாடிக்கையாளரின் சீட்டையும் சேர்த்து நீட்ட வேண்டும். நீர் எழுதியதில் ஒரு வரிகூட மிச்சமில்லை, எல்லாம் புதிது. கேட்கிற கேள்வி மட்டும் உம்முடையது. இனி யார் அதை எடுக்கச் சொன்னாலும் முதலில் என்னிடம்தான் சண்டை போட வேண்டும்.

அம்பர்நாத்துக்கு ஸ்நேகாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மேனேஜர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எதிர்க் கம்பெனி பெயரில் நுழைந்து கேட்டேன். மறுத்தது. அவர் முகம் இளகவில்லை.

"இப்ப மொதலாளியா, உம்ம சொந்தப் பேர்ல கேளும்."

இதை நான் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. ஸ்நேகாவைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தட்டினேன். அனுமதி இல்லை என்று சிவப்பில் வந்தது. பட்டறை என்னுடையது, மெஷின் என்னுடையது, ஓடுகிற கரண்ட் என்னுடையது.

மேனேஜர் சிரித்துவிட்டார். "திங்கக்கிழமையிலருந்து ஓட்டும்வே."

இந்தப் பம்பாயில் என்னை வாசலோடு திருப்பி அனுப்பியவர்கள் நிறையப் பேர். அதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்று ஒருநாள்தான்.